நாம் பார்க்கும் உலகம் மூளை கட்டிய கதையா?

ஜூன் 2 – வந்த கேள்வி

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பெரியவர்கள் சொன்னதை இன்றைக்கு அறிவியலும் ஒப்புக்கொண்டுவிட்டது. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழ். அதில் ஓர் ஓட்டை வேறு. வெளியே நிறம் என்று எதுவும் கிடையாது, வெறும் அலைகள்தான். எல்லாவற்றையும் மூளைதான் இட்டுக்கட்டிக் காட்டுகிறது. அப்படியானால் நான் பார்ப்பதற்கும், இல்லாததைப் பார்க்கும் மனநோயாளி பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? தத்துவம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம். மூளை ஊகிக்கிறது என்பது சரி. ஊகம் என்றாலே பொய் என்று தாவுவதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த ஊகத்தை உடம்பு ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. தலையைத் திருப்புகிறோம், கையை நீட்டுகிறோம், ஓர் எட்டு முன்னே வைக்கிறோம். ஊகம் தப்பென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் சொன்ன ஓட்டையிலிருந்தே தொடங்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி, சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் அப்போது அதன் பிம்பம் விழுகிறது. அங்கே ஒளியை உணரும் செல் ஒன்றுகூட இல்லை. எட்ம் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். சின்ன ஓட்டை என்று நினைக்க வேண்டாம், பத்து முழு நிலாவை வரிசையாக நிறுத்தினாலும் அதற்குள் மறைந்துவிடும். புள்ளி போன இடத்தில் கறுப்பாக எதுவும் தெரியாது, வெள்ளைத் தாளாகவே தெரியும். புள்ளியின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பாருங்கள். புள்ளி மறைந்த பிறகும் கோடு அறுபடாமல் ஓடும்.

எல்லாரும் இதோடு நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா, மூளை ஏமாற்றுகிறது" என்பார்கள். ஆனால் இதைக் காண நாம் என்ன பாடு பட வேண்டியிருந்தது? ஒரு கண்ணை மூடினோம். மற்றதை அசையவிடாமல் பிடித்து வைத்தோம். பார்வை கொஞ்சம் விலகினாலும் புள்ளி திரும்பி வந்துவிடுகிறது. மூடிய கண்ணைத் திறந்தாலும் வந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கண்ணின் ஓட்டை வேறு பக்கம் இருக்கிறது. கையையும் காலையும் கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, இவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்று சொல்வது போலத்தான் இது.

ஜூன் 3

தலைகீழ் பிம்பம் பற்றி. அதை மூளை நிமிர்த்துகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து அந்தப் பிம்பத்தைப் பார்க்க இன்னோர் ஆள் இருந்தால்தானே நிமிர்த்த வேண்டும்? விழித்திரையின் இந்த இடம் தூண்டப்பட்டால் கை எந்தப் பக்கம் போக வேண்டும், கண் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் மூளைக்குத் தெரிய வேண்டியது.

ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890களில், உலகைத் தலைகீழாக்கும் லென்ஸைக் கண்ணில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடமாடினார். முதலில் கை எல்லாம் எதிர்ப்பக்கம் போயிற்று. போகப் போக நடப்பதும் எடுப்பதும் சரியாகிவிட்டன. உலகமே நிமிர்ந்துவிட்டது என்று இந்தக் கதைக்கு ஒரு முடிவு சேர்த்துச் சொல்வார்கள், அது மிகை. 1999இல் ஜெர்மனியில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, பங்கேற்றவர்களுக்குக் கையும் காலும் நன்றாகப் பழகின, காட்சி மட்டும் நிமிரவே இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. செயல் சரியானால் மூளைக்குப் போதும், படம் எப்படி இருக்கிறது என்பது அதற்கு அடுத்த விஷயம்.

ஜூன் 3, மாலை

இப்போது இதை செல்போனில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒரு சின்ன சோதனை. போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "இல்லை இல்லை" என்பது போலத் தலையை வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறதா? சரி, இப்போது தலையை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் போனை ஆட்டுங்கள். எழுத்து கலங்கி ஒன்றும் தெரியாது.

கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே நடக்கும் அசைவு இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் தலை அசைந்தால் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் அதை உணர்ந்து, சுமார் 10 மில்லிநொடிக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. பார்த்துப் பின்தொடர வேண்டுமென்றால் அதைப்போலப் பத்து மடங்கு நேரமாகும், அதற்குள் எழுத்து ஓடிப்போயிருக்கும். காட்சி ஆடாமல் நிற்பது கண் மட்டும் செய்யும் வேலை இல்லை, காதும் சேர்ந்து செய்யும் வேலை. ஐந்து புலன் என்று எண்ணும்போது இந்தச் சமநிலைப் புலனை யாரும் சேர்ப்பதில்லை. கெட்டுப்போனால்தான் அது இருந்ததே தெரியும். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜூன் 4

கண்ணாடி முன் நின்று இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், கண் நகர்வது நமக்கே தெரிவதில்லையே, ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. கண் தாவும் அந்தக் கணத்தில் பார்வையை மூளை மட்டுப்படுத்திவிடுகிறது. ஒரு நொடிக்கு மூன்று தடவை வரை கண் இப்படித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் உலகம் இழுபட்டுத் தெரிந்தால் தலைதான் சுற்றும். இதையே போனின் முன்பக்கக் கேமராவில் செய்யுங்கள். கண் நகர்வது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் கேமரா படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுகிறது. அது வருவதற்குள் தாவல் முடிந்து, மட்டுப்பட்ட பார்வையும் திரும்பியிருக்கும்.

சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால் நொடிமுள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு ஓடுவது போல இருக்குமே, அதுவும் இதன் தொடர்ச்சிதான். தாவலின்போது விடுபட்ட நேரத்தையும், தாவி வந்த பின் கண்ட முதல் காட்சியின் கணக்கிலேயே மூளை சேர்த்துவிடுகிறது.

ஜூன் 6

சொன்னபடி எழுதுகிறேன். ஒரு சளிக் காய்ச்சல் விட்ட பிறகு, ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தேன். அறை சுற்ற ஆரம்பித்தது. சுற்றுவது போல இருந்தது என்று சொல்ல மாட்டேன், சுற்றியது. கதவின் நிலை இடப்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும், வெடுக்கென்று பழைய இடத்துக்கு வரும், மறுபடி வழுக்கும். கண்ணை மூடினால் நிற்கும் என்று நினைத்தால், மூடியபோது இன்னும் மோசம். கட்டிலோடு சேர்ந்து நானே சுற்றினேன். வாந்தி நிற்கவே இல்லை.

சமநிலை நரம்பில் அழற்சி என்று மருத்துவர் சொன்னார். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு உள்காதுகளிலிருந்தும் மூளைக்குத் துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் தலை அசையவில்லை என்று பொருள். எனக்கு ஒரு பக்கத்துத் துடிப்பு சட்டென்று குறைந்துவிட்டது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்றால் மூளைக்கு அதற்கு ஒரே பொருள்தான், தலை திரும்பிக்கொண்டிருக்கிறது. உடனே கண்ணை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கண் நகர்கிறது, அறை சுற்றுகிறது. கட்டிலில் அசையாமல் படுத்திருக்கிறேன் என்று எனக்கு முழுசாகத் தெரியும். அந்த அறிவு எதற்கும் உதவவில்லை.

உதவியது கைதான். சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். சில்லென்று, ஆடாமல், அப்படியே இருந்தது சுவர். கண் ஓடுகிறது என்றது, கை இல்லை என்றது. சுற்றல் நின்றுவிடவில்லை, ஆனால் எந்தப் பக்கம் பிடித்துக்கொள்வது என்று தெரிந்தது. நடக்கத் தொடங்கியபோதும் அப்படித்தான். சுவரைப் பிடித்துத் தொங்க வேண்டாம், விரல் நுனி பட்டால் போதும், தள்ளாட்டம் குறையும். விரல் நுனியின் மெல்லிய தொடுகையே உடல் ஆட்டத்தைக் குறைக்கிறது என்பதை ஆய்வகங்களில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சுவர் தாங்குவதால் வரும் பலன் இல்லை அது, மூளைக்குக் கிடைக்கும் தகவலால் வருவது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். முதல் சில நாள் போனதும், படுத்தே கிடக்கக் கூடாது என்று உடற்பயிற்சி சிகிச்சையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மயக்கம் வராமலிருக்கத் தந்த மாத்திரையையும் சீக்கிரமே நிறுத்தச் சொன்னார்கள், அதை நீட்டித்தால் மூளை பழகுவது தள்ளிப்போகுமாம். கட்டைவிரலை முன்னே நீட்டி நகத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். முதலில் நகம் எகிறிக் குதித்தது, குமட்டியது. அந்தக் குதிப்பைப் பார்த்துத்தான் மூளை தன் கணக்கைத் திருத்துகிறது என்றார் அவர். தப்பு நடக்கவில்லை என்றால் திருத்தமும் இல்லை. வாரங்கள் போகப் போக நகம் நின்றது. நரம்பு முழுசாகக் குணமாகவில்லை என்று பின்னால் எடுத்த டெஸ்டில் தெரிந்தது. குறைந்த தகவலை வைத்துக்கொண்டே மூளை புதுக் கணக்குப் போட்டிருக்கிறது. இன்றும் இருட்டில், மெத்தென்ற தரையில் நின்றால் கொஞ்சம் ஆடுவேன்.

மூளை இட்டுக்கட்டுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 7

எச்சரிக்கை ஒன்றை எழுத விட்டுவிட்டேன். திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கு வந்தது போலத்தான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஜூன் 8

நிறம் பற்றி இரண்டு பேர் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுகிறார்கள். வெளியே நிறமே இல்லை என்கிறார் ஒருவர், கண்ணுக்குத் தெரிவதுதான் நிறம், அது வெளியேதான் இருக்கிறது என்கிறார் மற்றவர்.

முதலில் தெரிந்தவற்றை வைப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 380 முதல் 700 நானோமீட்டர் வரை. அதை அளக்க நம்மிடம் மூன்று வகைக் கூம்பு செல்கள். அவை அதிகம் கிளர்ச்சியடைவது முறையே 420, 530, 560 நானோமீட்டர் பக்கத்தில். ஆக, ஆயிரக்கணக்கான அலைநீளங்களின் கலவை மூன்றே எண்களாகச் சுருங்கிவிடுகிறது. இந்தத் திரையில் மஞ்சள் தெரிகிறதே, அதில் மஞ்சள் ஒளி அநேகமாக இல்லை. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் அருகருகே எரிகின்றன. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளோ 589 நானோமீட்டரில் வரும் அசல் மஞ்சள். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. முதலாமவர் பக்கம் இவ்வளவு நியாயம் உண்டு.

ஆனால் மூளை நிறத்தை எதற்குப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். எட்வர்ட் அடெல்சன் 1995இல் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உருளையின் நிழலுக்குள் இருக்கும் வெளிர் கட்டமும், வெளிச்சத்தில் இருக்கும் கருங்கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். அச்செடுத்து, இரண்டு கட்டத்துக்கு மட்டும் துளை போட்ட அட்டையால் மூடிப் பார்த்தேன். ஒரே நிறம். அட்டையை எடுத்தால் கணத்தில் ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. துளையை விரலால் வருடி உறுதி செய்த பிறகும் அப்படித்தான்.

இது ஏமாற்று என்று படும். ஆனால் அது உண்மையான பலகையாக இருந்தால்? நிழலில் கிடக்கும் கட்டம் வெளிச்சத்துக்கு வந்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். மூளை அதைத்தான் சொல்கிறது. கண்ணுக்கு வந்த ஒளியின் அளவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, பொருளின் பரப்பு என்ன என்பதுதான் அதற்கு வேண்டும். நண்பகலிலும் அந்தியிலும் ஒரே சட்டையை ஒரே சட்டை என்று அறிய வேண்டுமானால் வெளிச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் ஆக வேண்டும். ஒளிமானிக்கு இது தெரியாது, நமக்குத் தெரிகிறது.

2015 பிப்ரவரியில் உலகமே சண்டை போட்ட அந்த உடையின் படமும் இதே கதைதான். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் துப்பே இல்லை. உடை நிழலில் இருக்கிறது என்று யாருடைய மூளை எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கு வெள்ளையும் பொன்னும், மஞ்சள் விளக்கொளியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு நீலமும் கறுப்பும். அசல் உடை நீலமும் கறுப்பும்தான். கடையில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

ஜூன் 8, இரவு

நிறக்குருடு உள்ளவர்கள் பார்ப்பதுதான் பொய்யா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை. ஜான் டால்டன், அணுக் கொள்கையால் பேர்பெற்றவர், தன் நிறப் பார்வை பிறரைப்போல இல்லை என்று 1794இல் எழுதினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்பது அவர் கணிப்பு. இறந்த பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் திறந்து பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. மிச்சம் வைத்திருந்த கண் திசுவை 1995இல் மரபணு சோதனை செய்தபோதுதான், நடு அலைநீளத்துக்கான நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. மூன்று எண்ணுக்குப் பதில் இரண்டு எண். அதை வைத்துக்கொண்டும் அவர் உலகத்தோடு சரியாகவே பழகினார்.

ஜூன் 11

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. எழுதத் தயக்கமாக இருந்தது, அம்மாவைப் பற்றியது என்பதால். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், காது தெரியும், முகம் தெரியாது. ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் வெற்றிடத்தில் மெல்லக் கையை நீட்டி, துழாவி, எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"என்னம்மா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

விடாமல் கேட்டபோது சொன்னார். "இங்க ஒரு பொண்ணு நிக்குறா. நீலச் சட்டை. இருக்காளா இல்லையான்னு பார்த்தேன். கை உள்ள போயிடுச்சு."

மாதக்கணக்காக வந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் சுவரில் வலைப்பின்னல் போலக் கோலங்கள், பிறகு வரிசையாகக் குழந்தைகள். யாரும் பேசுவதில்லை. எல்லாரும் வெகு துல்லியம், சட்டையின் தையல்கூடத் தெரியுமாம். என் முகம் தெரியாத கண்ணுக்கு, இல்லாத சட்டையின் தையல் தெரிகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இதற்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். சுவிட்சர்லாந்துக்காரரான போனே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா சார்ல்ஸ் லுல்லன் கண்ட உருவங்களைப் பற்றி 1760இல் எழுதினார். கண்ணிலிருந்து தகவல் குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகவே கிளர்ச்சி கொள்கிறது. 1998இல் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, நிறம் தெரிந்த நேரத்தில் நிறத்துக்கான பகுதியும், முகம் தெரிந்த நேரத்தில் முகத்துக்கான பகுதியும் இயங்கின. பார்வை நன்றாக இருப்பவர்களுக்கும் இது வரும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 13 பேரின் கண்ணை 5 நாள் கட்டி வைத்தார்கள். 10 பேர் இல்லாததைப் பார்த்தார்கள்.

ஆகவே, இல்லாததைப் பார்ப்பதே மனநோய் என்று கேள்வியில் இருப்பதை நான் மறுக்கிறேன். அம்மா பார்த்தார், சந்தேகப்பட்டார், கையை நீட்டினார், கை சொன்னதை ஏற்றுக்கொண்டார். அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

எங்கே வித்தியாசம் வருகிறது என்பதற்கு 2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. திரையில் ஒரு கட்டம் தெரியும்போதெல்லாம் மெல்லிய ஒலி ஒன்றைத் தந்து பழக்கினார்கள். பிறகு கட்டம் மட்டும் வரும், ஒலி வராது. எல்லாருக்குமே சில தடவை ஒலி கேட்டது. ஆளில்லாமலே காதில் குரல் கேட்பவர்களுக்கு அதிகமாகவே கேட்டது, மனநோய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நோய் உள்ளவர்கள் வேறுபட்டது வேறோர் இடத்தில். ஒலி இப்போது வருவதில்லை என்பதை அவர்களால் எளிதில் ஏற்றுத் தம் ஊகத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் கேட்ட வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஊகம் எல்லாருக்கும் பொது, அதைத் திருத்தும் வழி அடைபடுவதுதான் நோய்.

கண் மருத்துவர் அம்மாவுக்குச் சொன்ன யோசனை இது. உருவம் வந்தால் கண்ணை இடமும் வலமும் சில தடவை வேகமாக ஓட்டுங்கள், விளக்கைப் போடுங்கள், கையை நீட்டித் தொடப் பாருங்கள். கடைசியை அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

ஜூன் 11, இரவு

வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், நீங்களே பேச்சை எடுங்கள். "கோலமோ ஆளோ ஏதாவது தெரியுதா? நிறையப் பேருக்குத் தெரியும்" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 13

காதைப் பற்றி யாருமே பேசவில்லை என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். ரிச்சர்ட் வாரன் 1970இல் செய்த சோதனை ஒன்று. பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இருமல் எந்த எழுத்தின் மேல் விழுந்தது என்றும் அவர்களால் சொல்ல முடியவில்லை. வெட்டிய இடத்தை அமைதியாக விட்டால் மட்டும் உடனே தெரிந்துவிடும். மறைக்கும் சத்தம் ஒன்று இருந்தால்தான் மூளை இட்டு நிரப்பும். பார்த்தால் பெரிய நியாயம் இருக்கிறது அதில். சத்தத்தின் பின்னால் பேச்சு தொடர்ந்துகொண்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அமைதியின் பின்னால் இல்லை.

உதட்டையும் நாம் கேட்கிறோம். 1976இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் காட்டியது. காதில் விழுவது "பா", திரையில் வாய் சொல்வது "கா", பெரும்பாலோர் கேட்பது "டா". கண்ணை மூடினால் மறுபடி "பா". பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் போட்டவர்கள் பேசினால் புரியாமல் திணறினோமே, ஒலி அடங்கிப்போனது பாதிக் காரணம், உதடு தெரியாமல் போனது மீதி.

ஜூன் 14

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் பிறகு பார்வை வந்தால், தொட்டு அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்டதும் பிரித்துச் சொல்வாரா? இந்தக் கேள்வி இங்கே வரும் என்று எதிர்பார்த்தேன். 1688இல் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ கேட்டது.

1728இல் வில்லியம் செசல்டன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கண்புரை நீக்கியதும் அவனுக்குத் தூரமே தெரியவில்லை. எல்லாப் பொருளும் கண்ணைத் தொடுவதாகச் சொன்னான். எது பூனை, எது நாய் என்று மறந்துபோய், கேட்கவும் வெட்கப்பட்டான். தடவிப் பார்த்தால் அவனுக்குத் தெரியும் என்பதால் பூனையைப் பிடித்துத் தடவிக்கொண்டே உற்றுப் பார்த்தான். இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லிக் கீழே விட்டானாம்.

நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் இந்தியாவில் அறுவை சிகிச்சை பெற்ற பிள்ளைகளை வைத்து 2011இல் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. கண்டதைக் கண்டதோடு பொருத்தினார்கள். தொட்டதைத் தொட்டதோடு பொருத்தினார்கள். தொட்டதைக் கண்டதோடு பொருத்தச் சொன்னால் குருட்டாம்போக்கில்தான் சொல்ல முடிந்தது. மாலினோ கேள்விக்குப் பதில் "இல்லை". ஆனால் சில நாள் கழித்து அதே சோதனையை வைத்தபோது நன்றாகவே தேறினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நடமாடினார்கள், எடுத்தார்கள், பார்த்தார்கள்.

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ரிச்சர்ட் ஹெல்ட். இதே ஹெல்ட்தான் 1963இல் ஆலன் ஹைனோடு சேர்ந்து பூனைக்குட்டிகளை வைத்து அந்தப் புகழ்பெற்ற சோதனையைச் செய்தவர். வெளிச்சத்தில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு குட்டி தானே நடக்கும், அது நடக்க நடக்க மற்றது தொட்டிலில் சுமக்கப்பட்டுச் சுற்றும். இரண்டும் கண்ட காட்சி ஒன்றே. நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது, தரையை நெருங்கும்போது பாதத்தை நீட்டியது. சுமக்கப்பட்டதற்கு எதுவும் வரவில்லை, அவிழ்த்துவிட்டு ஓடியாட விட்ட பிறகே வந்தது. 48 ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே கேள்வியின் இரண்டு முனையைத் தொட்டிருக்கிறார் என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஜூன் 16

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. எல்லாத் தோற்றப்பிழையும் அசைந்தால் சரியாகிவிடும் என்பது போல இங்கே எழுதிக்கொண்டு போகிறேன். நிலா என்ன செய்யும்? அடிவானத்தில் பெரிதாகத் தெரிகிறது, உச்சிக்கு வந்தால் சிறிதாகிறது. நீட்டிய கையின் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான், அரை டிகிரி. மறைத்துக் காட்டிய பிறகும் பெரிதாகவே தெரிகிறது. எவ்வளவு நடந்தாலும் மாறாது. காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. நிலாவை நோக்கி நடந்து யாரும் அதைப் பெரிதாக்கியதில்லை, கையில் எடுத்ததில்லை. திருத்தம் கிடைக்காத இடத்தில் ஊகம் அப்படியே நின்றுவிடுகிறது. இதற்கு எதிரில் முகமூடியை வையுங்கள். குழிந்த உட்பக்கத்தைச் சில அடி தள்ளி நின்று பார்த்தால், புடைத்த முகமாகவே தெரியும். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்பது அவ்வளவு ஆழமான ஊகம். ஆனால் கிட்டே போகப் போக இரு கண்ணின் சாட்சியும் வலுத்து, ஒரு கட்டத்தில் குழி குழியாகவே தெரிந்துவிடும். முகமூடிக்குப் பக்கத்தில் போக முடியும், நிலாவுக்கு முடியாது.

ஜூன் 17

கையிழந்தவருக்கு இல்லாத கையில் தெரியும் மாயக்கை வலியை ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டி எல்லாருக்கும் போக்கிவிடும் என்று ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். 1990களில் நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் செய்தது அற்புதமான யோசனை. இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரிய வைத்து, இறுகிப்போன மாயக்கையை விரியவைத்தார். சிலருக்கு நல்ல நிவாரணம் தந்தது. எல்லாருக்கும் தரவில்லை, பிறகு வந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. வலியில் இருப்பவர்களிடம் உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

ஜூன் 19

தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் கண்ணாடியைப் புதிதாகப் போட்டதிலிருந்து தரை அலை அலையாக நீந்துகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு. அவசரப்படாதீர்கள். லென்ஸின் ஓரங்களில் உருப்பெருக்கம் மாறுவதால், தலையைத் திருப்பும்போது கண் எவ்வளவு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்ற பழைய கணக்கு இப்போது பொருந்தவில்லை, அதுதான் நீந்துகிறது. காலையில் எழுந்ததும் மாட்டுங்கள், இரவுவரை கழற்றாதீர்கள். பழைய கண்ணாடியையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழகுவதற்கு நாளாகும். வீட்டுக்குள் நிறைய நடங்கள், தலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் மோவாயைத் தாழ்த்தி லென்ஸின் மேல்பாதி வழியாகப் பாருங்கள், கீழ்ப்பாதி படிப்பதற்கானது, படி கலங்கலாகத் தெரியும். கைப்பிடியில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஆகியும் தலைவலி விடவில்லை என்றால் கண்ணாடியைக் கொண்டுபோய் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கண்மணியின் நடு எங்கே வருகிறது என்ற அளவு லென்ஸில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், எத்தனை நாள் போட்டாலும் பழகாது.